சம்பளச் சீட்டின் கீழ்ப் பாதி

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைகிற கூட்டம் நிமிர்ந்து பார்க்காத மாடிகள் சில அங்கே உண்டு. ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் நாள் முழுக்க நின்றவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் போய்ப் படுக்கிற மாடிகள். அப்படியொரு மாடியில் தங்கியிருக்கும் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன், டீக்கடை வாசலில் நின்றபடி ஒரு துண்டுத் தாளை நீட்டினான். பில் ரோலில் கிழித்த தாள், நீல மை. கடையின் பெயரும் முத்திரையும் இல்லை. மேலே சம்பளம் 13,500. அதன் கீழே மெஸ் 2,400, ரூம் 600, லேட் 310, ஷார்ட்டேஜ் 850, அட்வான்ஸ் 2,000. கடைசியில் இரண்டு கோடு போட்டு, கைக்கு 7,340. தேதி 14.

"அண்ணே, இதுல ஏதும் தப்பு இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கூட்டிப் பார்த்தால் மொத்தப் பிடித்தம் 6,160 ரூபாய், சம்பளத்தில் 45 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். சட்டமோ பாதிவரை பிடிக்கலாம் என்கிறது. அபராதத்துக்கு உச்சவரம்பு 3 சதவீதம், அதாவது 405 ரூபாய். பிடித்திருப்பது 310. கணக்குப்பிள்ளை யாரோ விவரமானவர். கூட்டல் கழித்தலில் அவரை மடக்க முடியாது. ஒவ்வொரு வரியும் எப்படி அந்தத் தாளுக்கு வந்தது என்று கேட்டால்தான் மாட்டுவார். ஊதியச் சட்டத்தை ஒரு கணக்குச் சட்டமாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது நடைமுறைச் சட்டம். எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அது ஓரிரு வரியில் சொல்லிவிடும், எப்படிப் பிடிக்கக் கூடாது என்பதற்குத்தான் பக்கம் பக்கமாகப் போகும்.

லேட் வரியையே எடுத்துக்கொள்வோம். மாதத்தில் நான்கு நாள், நாளுக்குப் பத்து நிமிஷம் தாமதம் என்றான். வேலைக்கு வராத நேரத்துக்குரிய கூலியை மட்டும் கழிப்பதானால், எப்படிக் கணக்குப் போட்டாலும் 50 ரூபாயைத் தாண்டாது. 310 என்றால் அது கழிவல்ல, அபராதம். அபராதம் போடுவதற்கு 1936-லிருந்தே ஒரு சடங்கு உண்டு. எந்தெந்தக் குற்றத்துக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு முதலில் அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதை வேலையிடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். அபராதம் போடுமுன் அந்த ஆளிடம் காரணம் கேட்க வேண்டும். 15 வயது நிரம்பாதவருக்கு அபராதமே கூடாது. தவணை முறையில் வசூலிக்கக் கூடாது. பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வசூலான பணத்தை முதலாளி கல்லாவில் போட்டுக்கொள்ள முடியாது, தொழிலாளர் நலனுக்கே செலவழிக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சொன்னதும் பையன் சிரித்தான். அவன் கடையில் அபராதக் காசு எங்கே போகிறது என்று யாரும் கேட்டதே இல்லையாம்.

ஷார்ட்டேஜ் இதைவிட மோசம். இருப்பெடுத்தபோது அந்த மாடியில் சரக்குக் குறைந்தது, அங்கே நின்ற 11 பேர் தலையிலும் பங்கு போட்டாயிற்று. ஒரு பொருளைக் காவலாக ஒருவரிடம் தெளிவாக ஒப்படைத்திருக்க வேண்டும், அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக அது தொலைந்திருக்க வேண்டும், அப்போதும் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம், நஷ்டத்துக்கு மேல் ஒரு பைசா கூடாது. சட்டம் சொல்வது இவ்வளவுதான். நாளுக்கு நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் கைவைக்கும் சேலை அடுக்கை யாரிடம் ஒப்படைத்ததாகக் கொள்வது? கூட்டுப் பொறுப்பு என்ற ஒன்று இந்தச் சட்டத்தில் கிடையாது. கிராமத்தில் ஒருவன் செய்த தப்புக்கு ஊரே தண்டம் கட்டுகிற பழக்கம், குளிர்சாதன வசதியோடு தியாகராய நகரில் நடக்கிறது.

இந்தச் சட்டத்தின் பூர்வகதையில் அடையாறுக்கும் ஒரு பங்கு உண்டு. பெரம்பூர் பக்கத்து பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைச் சுமந்துகொண்டு ஜி. செல்வபதி செட்டியாரும் ஜி. ராமாநுஜுலு நாயுடுவும் தேடிப்போனது அன்னி பெசன்ட் அம்மையாரின் வட்டத்தை. அங்கே கிடைத்தவர் பி.பி. வாடியா, அடையாறு பிரம்மஞான சபைக்காரர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க. கூடவே நின்றார். கூலி உயர்வு கேட்குமுன் அவர்கள் பேசியது மதியச் சாப்பாட்டுக்குக் கிடைத்த அரைமணி நேரத்தைப் பற்றி. சங்கத் தலைவர்கள்மேல் ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியதும், அந்தச் சூட்டில் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததும் பலரும் சொன்ன கதை. அதே காலத்தில் டில்லிச் சட்டசபையில் திவான் சமன் லால் வாரக்கூலி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த மசோதா நிறைவேறவில்லை. ஆனாலும் கூலி எப்போது, எப்படிக் கைக்கு வருகிறது என்று அரசு விசாரிக்கத் தொடங்கியது. தொழிலாளர் நிலை பற்றி 1929-ல் அமைந்த விட்லி ஆணையம் அபராதம், பிடித்தம், தாமதம் மூன்றையும் ஊர் ஊராகக் கேட்டு 1931-ல் அறிக்கை தந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியும் அதில் உறுப்பினர். அதன் விளைவுதான் 1936-ன் ஊதியப் பட்டுவாடாச் சட்டம். 1937 மார்ச் 28-ல் நடைமுறைக்கு வந்தது.

அது யாருக்கு என்பதில் தொடக்கத்திலேயே ஒரு வேலி போட்டார்கள். ஆலை, ரயில்வே போன்ற இடங்களில், மாதம் 200 ரூபாய்க்குள் வாங்குகிறவர்களுக்கு மட்டும். விலைவாசி ஏற ஏற அந்த வேலியும் நகர்ந்தது. 2005-ல் 6,500, 2007-ல் 10,000, 2012-ல் 18,000, 2017-ல் 24,000. கடைச் சிப்பந்திகளுக்கென்று சென்னை மாகாணம் 1947-லேயே கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தில்தான் 2021-ல் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தரவேண்டும் என்ற திருத்தம் சேர்ந்தது. ரங்கநாதன் தெருவின் கால்வலியை வசந்தபாலன் 'அங்காடித் தெரு'வில் காட்டியது 2010-ல். திரையில் வந்து பதினோரு வருஷம் கழித்து நாற்காலிக்குச் சட்டம். அந்த நாற்காலிகள் இன்று எத்தனை கடையில் கண்ணில் படுகின்றன என்பதை அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீதிமன்றங்கள் எப்போதும் தொழிலாளி பக்கமே நின்றன என்று சொல்ல முடியாது. 1948 நவம்பர் 1 அன்று சூரிய கிரகணம். முற்பகலுக்கு விடுமுறை தரவில்லை என்று கர்நாடிக் ஆலையின் இரவுப் பணிக்காரர்கள் மாலை நான்கு மணியிலிருந்து எட்டு வரை இயந்திரத்தை நிறுத்தி உட்கார்ந்துவிட்டார்கள். நான்கு மணி நேரம்தான். நிர்வாகம் அதைச் சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று சொல்லி, பணித்தொடர்ச்சியே முறிந்ததாகக் கணக்கு வைத்து, சம்பளத்துடன் கூடிய விடுப்பில் கைவைத்தது. வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது. முன்னறிவிப்பில்லாமல் நிறுத்தியது சட்டவிரோதம்தான் என்று 1952-ல் தீர்ப்பு. 1990-ல் பேங்க் ஆஃப் இந்தியா வழக்கிலும் நான்கு மணி நேர வேலைநிறுத்தத்துக்கு முழுநாள் சம்பளத்தைப் பிடித்தது செல்லும் என்றார்கள். 1936 சட்டத்திலேயே, பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து முன்னறிவிப்பில்லாமல் வராமலிருந்தால் எட்டு நாள் சம்பளம்வரை பிடிக்க இடமிருந்தது. தனியாளாகத் தாமதமாக வந்தால் நிமிஷக் கணக்கு, கூடி நின்றால் நாள் கணக்கு. சட்டம் எதற்குப் பயந்தது என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது.

எதிர்ப்பக்கத்தில் நிமிர்ந்து நிற்பது 1982-ன் ஆசிய விளையாட்டு வழக்கு. டில்லியில் மைதானம் கட்டியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஜமாதார் ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொண்டு 8.25 கொடுத்தார். நீதிபதி பகவதிக்கு எழுதிய ஒரு கடிதம் வழக்காகி, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனம் தடுக்கும் கட்டாய உழைப்பு என்ற தீர்ப்பானது. ஒற்றை ரூபாய்ப் பிடித்தம் அடிப்படை உரிமைக் கேள்வியானது அப்படித்தான். தரகு வாங்குகிறவர்களுக்குச் சென்னையில் மேஸ்திரி, சூப்பர்வைசர், ஏஜென்ட் என்று பெயர் மட்டும் வேறு.

தமிழர்களுக்கு இது பழைய நோவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிச்செலவிலிருந்து எல்லாம் கடனாக எழுதப்பட்டு, 'துண்டு' என்ற சீட்டோடு ஒரு கங்காணியிடமிருந்து இன்னொருவருக்கு ஆள் கைமாறினார். 1921-ல்தான் துண்டு முறை ஒழிந்தது. பறித்த கொழுந்து எடை குறைந்தால் 'அரைப்பேர்' போட்டுப் பாதி நாள் கூலி தருவது மலையகத்தில் பேச்சுவழக்கிலேயே ஊறிப்போனது. கொங்குப் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று மங்கலப் பெயர் சூட்டி, மூன்று வருஷக் கூலியில் ஒரு பகுதியைக் கடைசியில் மொத்தமாகத் தருவதாகப் பிடித்து வைத்ததும் இந்த வகைதான். இடையில் பெண்ணுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அந்த மொத்தம் யாருக்கு?

வழிச்செலவு என்றதும் சீட்டின் கடைசி வரி நினைவுக்கு வருகிறது. அந்த 2,000 என்ன அட்வான்ஸ் என்று கேட்டேன். ஊரிலிருந்து கூட்டி வந்த பஸ் டிக்கெட்டும் வழிச்சாப்பாடும் 900 ரூபாய். மீதி 1,100, "சம்பளம் லேட்டாச்சுல்லா, அதுக்கு வாங்குனது". பயணச் செலவுக்காகக் கொடுத்த முன்பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சட்டம் பளிச்சென்று சொல்கிறது, 900 அங்கேயே அடிபட்டுப் போகும். எனக்கு அதைவிட உறுத்தியது அந்த 1,100. ஏழாம் தேதிக்குள் தரவேண்டிய சம்பளத்தைப் பதினான்காம் தேதி தருகிறார்கள். இடையில் அவன் கைச்செலவுக்குக் கேட்டால் அவன் உழைத்த காசையே அவனுக்கு முன்பணமாகக் கொடுத்து, பிறகு பிடித்தமாக எழுதுகிறார்கள். தாமதம் கடனை உண்டாக்குகிறது, கடன் பிடித்தமாகிறது, பிடித்தம் போக மிஞ்சியது அடுத்த மாதம் ஏழாம் தேதிவரை தாங்குவதில்லை. தாமதத்தையும் பிடித்தத்தையும் தனித்தனிக் குற்றமாக வைத்துப் பேசுகிற சட்டப் புத்தகங்கள் இந்தச் செக்குமாட்டுச் சுற்றைப் பார்ப்பதில்லை. 1936-ன் சட்டம் தாமதத்தை மலிவாகவே விட்டுவைத்திருந்தது. தவறாகப் பிடித்தால் பத்து மடங்குவரை இழப்பீடு, தாமதமானால் 1,500-லிருந்து 3,000 ரூபாய்க்குள் ஒரு தொகை. இந்தக் கணக்கில் தாமதம்தான் லாபம் என்று கடைக்காரருக்குத் தெரியாதா?

2019-ல் நாடாளுமன்றம் ஊதியத் தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றி, 1936 சட்டத்தையும் குறைந்தபட்ச ஊதியம், போனஸ், சம ஊதியம் பற்றிய மூன்று சட்டங்களையும் அதற்குள் அடக்கியது. ஆறு வருஷத்துக்கு மேல் அலமாரியில் கிடந்து, 2025 நவம்பர் 21-ல் மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு சேர்த்து நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. தொழிற்சங்கங்கள் இந்தத் தொகுப்புகளை எதிர்க்கின்றன. வேலைநீக்கம், சங்கம், வேலைநிறுத்தம் பற்றிய பகுதிகளில் அந்த எதிர்ப்புக்கு நியாயம் உண்டு. ஊதியத் தொகுப்பு மட்டும் எடுத்துப் பார்த்தால், என் கணக்கில் நல்லதும் உண்டு, பல்லைப் பிடுங்கியதும் உண்டு.

நல்லதில் பெரியது, 24,000 ரூபாய் வேலி போனது. அடையாறிலும் அதற்கப்பால் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதுவரை சம்பளப் பாக்கிக்கு மனுப்போட இந்தச் சட்டத்தில் வாசல் இல்லை. ராஜினாமா செய்தவர் 'செட்டில்மென்ட்' என்று நாற்பத்தைந்து நாள் காத்திருப்பது அங்கே ஊரறிந்த வழக்கம். புதிய சட்டத்தில் விலக்கப்பட்டவருக்கும் தானாக விலகியவருக்கும் இரண்டு வேலைநாளுக்குள் கணக்கு முடித்தாக வேண்டும். பழைய சட்டம் முதலாளி நீக்கினால் மட்டுமே இப்படிச் சொன்னது. மனுப்போடும் காலம் ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷமாகியிருக்கிறது. பத்து மடங்கு இழப்பீடு தாமதத்துக்கும் பொருந்தும். ஒப்பந்தக்காரர் தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனம் தரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாக்கி என்று ஒருவர் மனுப்போட்டால், கொடுத்தாயிற்று என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. சம்பளச் சீட்டும் கட்டாயம்.

பல் போனது தண்டனைப் பகுதியில். ஆய்வாளர் இப்போது 'ஆய்வாளரும் வசதி செய்பவரும்'. வழக்குத் தொடருமுன் திருத்திக்கொள்ள அவகாசம் தரவேண்டும். குறைத்துக் கொடுத்தால் 50,000 ரூபாய்வரை அபராதம். ஐந்து வருஷத்துக்குள் மறுபடி அதே குற்றம் செய்தால்தான் சிறை என்ற பேச்சு. பெரிய கடைக்கு 50,000 என்பது ஆடித் தள்ளுபடிக்குக் கட்டும் தோரணக் காசு.

நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்றாலும், அங்கே வேலை பார்த்தேன் என்று காட்டுவது தொழிலாளியின் பாடு. கடைப்பெயர் இல்லாத பில் ரோல் தாள் அங்கேதான் வேலை செய்கிறது. வங்கியில் போட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்வார்கள். வளைகுடாவுக்குப் போன நம்மவர்கள் உழைக்கும் ஐக்கிய அரபு அமீரகம் 2009-ல் சம்பளத்தை வங்கி வழியே கண்காணிக்கும் முறையைக் கொண்டுவந்து ஓரளவு பயனும் கண்டது. ஆனால் வங்கியில் விழுந்த சம்பளத்தில் ஒரு பகுதியை ரொக்கமாக எடுத்து வந்து மேனேஜர் மேசையில் வைக்கச் சொல்கிற தனியார் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த ஆசிரியை எங்கள் உறவிலேயே உண்டு. பாஸ்புக்கில் எல்லாம் சுத்தம்.

சீட்டே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். மயிலாப்பூரின் அடுக்ககங்களுக்குக் காலை ஆறு மணிக்கு வரும் வீட்டுவேலைப் பெண்களுக்குத் தமிழ்நாடு 2007-ல் நலவாரியம் அமைத்தது, 2018-ல் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலியும் அறிவித்தது. வீட்டில் ஐந்து பேர்வரை வேலைக்கு வைத்திருப்பவர் பதிவேடும் சீட்டும் வைக்கத் தேவையில்லை என்று புதிய சட்டம் விலக்குத் தருகிறது. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்குத் தனிச்சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. "ரெண்டு நாள் வரலையே" என்று நூறு இருநூறு குறைத்துக் கொடுக்கிற நம் வீட்டு வாசல்படிக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. சாப்பாடு கொண்டுவருகிற பையன்கள் ஊழியர் என்ற சொல்லுக்கே வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு 2023-ல் நலவாரியம் வந்தது. ஒரு ஆர்டர் ரத்தானால் செயலி எடுத்துக்கொள்ளும் தொகை அபராதமா, கழிவா, தரகா என்று கேட்க மேசை இல்லை.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்ததும் இந்த வரிசையில் வைக்க வேண்டியதுதான். வேலை தனியாரிடம் போனால் மாதம் 23,000-க்கு அருகில் இருந்த சம்பளம் 17,000-க்குக் கீழே போகும் என்பது அவர்கள் சொன்ன குறை. எந்தச் சீட்டிலும் இது பிடித்தம் என்று வராது, மேல்வரியே சிறுத்துவிடும். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். வாடியாவோடு நின்றவரின் பெயரைத் தாங்கிய மண்டலம் அவற்றில் ஒன்று என்பதை யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்கு வாசலிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. தொழிலாளர் ஆணையரகம் அங்கேதான். மனுவைத் தொழிலாளியே தரலாம், பதிவுபெற்ற சங்கம் தரலாம், பலர் சேர்ந்து ஒரே மனுவாகவும் தரலாம். தீர்ப்பை எதிர்த்து முதலாளி மேல்முறையீடு போவதானால் முதலில் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போகமுடியும் என்பது பழைய சட்டத்தின் புத்திசாலித்தனங்களில் ஒன்று. சென்னையில் அந்த மேல்முறையீடு போனது சிறுவழக்கு நீதிமன்றத்துக்கு. மனுவை மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். ஆணையரகத்தில் நான் பேசிப் பார்த்தவர்களில் வேலையில் இருந்துகொண்டே மனுக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் விலகியவர்கள், அல்லது விலக்கப்பட்டவர்கள். படுக்கிற மாடியும் சாப்பிடுகிற மெஸ்ஸும் சம்பளம் தருகிறவருடையதாக இருக்கும்போது வேறெப்படி இருக்கும்? சீட்டில் ரூம் வாடகை வெறும் 600 தான்.

பையனிடம் வரிவரியாகச் சொன்னேன். லேட்டில் ஏறக்குறைய 260, ஷார்ட்டேஜ் முழுதாக 850, வழிச்செலவு 900. இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் உனக்கு வரவேண்டியது என்றேன். மனுவை நான் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவன் விரல் விட்டு எண்ணிக் கூட்டிப் பார்த்தான், சரியாகத்தான் வந்தது.

"எவ்வளவு நாள் டைம்ணே?"

"மூணு வருஷம்."

சீட்டை நான்காக மடித்து போன் கவருக்குள் வைத்தான். உள்ளே அதேபோல் இன்னும் ஏழெட்டு மடிப்புகள் இருந்தன. "அப்ப தீபாவளி போனஸ் முடியட்டும்ணே" என்றான்.